குதிகால் வலி: எக்ஸ்ரேயில் தெரியும் முள்தான் காரணமா?

காலையில் எழுந்து முதல் அடியை வைக்கும்போது குதிகாலில் ஆணி குத்தியது போன்ற வலி. சிறிது நடந்தால் தணிகிறது. நெடுநேரம் உட்கார்ந்துவிட்டு எழுந்தால் மீண்டும் வருகிறது. உணவகச் சமையலறைகளிலும், கடைகளிலும், கிடங்குகளிலும் நாள் முழுவதும் நின்றபடியே பணியாற்றும் புலம்பெயர்ந்த தமிழர் பலர் இந்த வேதனையை அறிவார்கள். மருத்துவர்கள் இதனை 'பிளாண்டார் ஃபேசியைடிஸ்' என்று அழைக்கின்றனர்.

குதியெலும்பின் அடியில் தொடங்கி விரல்கள் வரை விரிந்து செல்லும் தடித்த நார்ப்பட்டை ஒன்று, வில்லின் நாணைப்போல பாதத்தின் வளைவைத் தாங்குகிறது. அடியெடுத்து வைக்கையில் விரல்கள் மேல்நோக்கி மடங்கும்போது இந்த நாண் இழுபட்டு பாதம் இறுகுகிறது என்பதை ஜே.எச்.ஹிக்ஸ் என்பவர் 1954ஆம் ஆண்டிலேயே விளக்கியிருந்தார். நாளொன்றுக்குப் பல்லாயிரம் முறை இழுபடும் இந்தப் பட்டை, குதியெலும்புடன் சேரும் இடத்தில்தான் பெரும்பாலும் வலி தோன்றுகிறது.

நோயின் பெயரே அழற்சியைக் குறிப்பது. ஆனால் அறுவை சிகிச்சையில் அகற்றப்பட்ட 50 பேரின் திசுக்களை ஆராய்ந்து 2003ல் அமெரிக்காவில் வெளியான ஆய்வு, அழற்சிக்குப் பதிலாக நார்களின் சிதைவையே கண்டது. அதாவது, பெரும்பாலும் இது தேய்ந்து நைந்த பட்டையின் பிரச்சினை.

எக்ஸ்ரேயில் தெரியும் எலும்பு முள்ளைக் கண்டு பலர் அஞ்சுகின்றனர். வலியே இல்லாத பலரின் குதிகாலிலும் அத்தகைய முள் உண்டு. முள் அப்படியே இருக்க, வலி மட்டும் நீங்குவதும் வழக்கமானது. எனவே முள்ளை அகற்றினால் எல்லாம் தீரும் என்ற நம்பிக்கைக்கு ஆதாரம் குறைவு.

ஸ்டீராய்டு ஊசி விரைவில் நிவாரணம் தரக்கூடும். ஆனால் அது நெடுநாள் நீடிப்பதில்லை. 82 பேரிடம் நடத்தப்பட்டு 2012ல் வெளியான ஆஸ்திரேலிய ஆய்வில், வலி குறைந்த பயன் நான்காவது வாரத்தில் தெரிந்தது, எட்டாவது வாரத்தில் தெளிவாக இல்லை. ஊசி பட்டை அறுந்துபோகும் அபாயத்தைக் கூட்டலாம். நீரிழிவு உள்ளவர்களுக்குச் சில நாட்கள் இரத்தச் சர்க்கரையையும் உயர்த்தக்கூடும்.

இதைவிட எளிய, செலவற்ற சிகிச்சை ஒன்று உண்டு. படுக்கையை விட்டு இறங்கும் முன், வலிக்கும் காலை மறுகாலின் மேல் போட்டு, விரல்களைக் கையால் முழங்காலை நோக்கி இழுத்துப் பத்து நொடிகள் பிடிக்க வேண்டும். இவ்வாறு பத்துமுறை, நாளுக்கு மூன்று வேளை. டென்மார்க்கில் நடைபெற்று 2014ல் வெளியான ஆய்வு இன்னொரு பயிற்சியைச் சோதித்தது: விரல்களுக்கு அடியில் சுருட்டிய துவாலையை வைத்து, படிக்கட்டின் விளிம்பில் ஒற்றைக் காலில் நின்று குதிகாலை மெதுவாக உயர்த்தி இறக்குவது, ஒன்றுவிட்டு ஒருநாள், பழகப் பழக முதுகுப்பையில் சுமையைக் கூட்டி. மூன்று மாதங்களில் இவர்கள் மற்றவர்களைவிடத் தேறியிருந்தனர். ஓராண்டின் முடிவில் இரு தரப்பினரும் ஏறக்குறைய ஒரே நிலையில் இருந்தனர் என்பதையும் சொல்லியாக வேண்டும். காலணியினுள் வைக்கும் தாங்கிகளைப் பொறுத்தவரை, பெரும் விலை கொடுத்து அளவெடுத்துச் செய்தவை கடையில் கிடைப்பவற்றைவிடக் கணிசமாக மேலானவை என்று நிறுவப்படவில்லை.

வாசலில் காலணியைக் கழற்றிவிட்டு ஓடு பதித்த கடினமான தரையில் வெறுங்காலுடன் நடக்கும் நமது வழக்கம் வலியுள்ளவர்களுக்கு உதவாது. வீட்டுக்குள் அணிய மட்டும் மெத்தென்ற செருப்பு ஒன்றைத் தனியாக வைத்துக்கொள்ளலாம்.

பெரும்பாலானோருக்கு இது அறுவை சிகிச்சையின்றி ஓராண்டு அளவில் தணிகிறது. ஆனால் மணிக்கூலிக்கு நிற்பவருக்கு ஓராண்டு என்பது சிறிய காலமல்ல. நிற்குமிடத்தில் ரப்பர் விரிப்பு, இடையிடையே உட்கார அனுமதி ஆகியவற்றை முதலாளியிடம் கேட்கத் தயங்குவோர், வலியை மறைத்தே வேலையைத் தொடர்கின்றனர். அதனால் குணமாவதும் தள்ளிப்போகிறது.

குதிகாலில் மரத்துப்போதல், இரவில் ஓயாத வலி, வீக்கத்துடன் காய்ச்சல், இளவயதில் இரு குதிகால்களிலும் வலியோடு காலையில் நெடுநேரம் முதுகு விறைப்பு ஆகியவை இருந்தால் காரணம் வேறாக இருக்கலாம். அப்போது பயிற்சியைத் தொடங்கும் முன் மருத்துவரைக் காண்பது அவசியம்.