மாடி போர்ஷனுக்கும் சேர்த்து ஒரே வைஃபை

ஸ்ரீரங்கத்தில் உத்தர வீதியிலோ சித்திரை வீதியிலோ வாடகைக்கு வீடு பார்க்கப் போனால், தண்ணீர் எப்போது வரும், கரண்ட் யூனிட்டுக்கு எவ்வளவு என்ற பேச்சோடு இப்போது இன்னொன்றும் சேர்ந்துகொள்கிறது. "வைஃபை இருக்கு. மாசம் இருநூறு தனியா கொடுத்துடுங்க." கீழ்வீட்டுக்காரர் பெயரில் ஓர் இணைப்பு, மாடி, பின்கட்டு, பக்கத்து போர்ஷன் எல்லாம் அதில்தான் ஓடும். தில்லை நகர் மேன்ஷன்களிலும் துவாக்குடிப் பக்கத்து மாணவர் விடுதிகளிலும் இதே ஏற்பாடு உண்டு. இதை யாரும் தப்பாக நினைப்பதில்லை.

வீட்டுக்கு வந்த மாப்பிள்ளைக்குப் பாஸ்வேர்டு சொன்னால் எந்தச் சட்டமும் கேள்வி கேட்காது. பக்கத்து வீட்டுப் பையன் பரீட்சைக்குப் படிக்கச் சும்மா கொடுத்தால், அது நிறுவனத்தோடு போட்ட ஒப்பந்தத்தை மீறியதாகலாம். வீட்டுத் திட்டங்களில் பெரும்பாலும் 'மறுவிற்பனை கூடாது, இந்த முகவரிக்கு மட்டும்' என்று பொடி எழுத்தில் இருக்கும். மீறினால் இணைப்பைத் துண்டிப்பார்கள், அதோடு போயிற்று. காசு வாங்கும்போதுதான் விஷயம் வேறாகிறது. இணையச் சேவையை விற்க அரசின் அனுமதி வேண்டும். அனுமதியில்லாமல் தொலைத்தொடர்புச் சேவை வழங்கினால் மூன்று ஆண்டு வரை சிறை, 2 கோடி ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும் என்கிறது 2023-ஆம் ஆண்டு தொலைத்தொடர்புச் சட்டத்தின் 42-ஆம் பிரிவு. இருநூறு ரூபாய் வாங்கும் மாமா மீது இதைப் பாய்ச்சுவார்கள் என்று நான் நம்பவில்லை. ஆனால் அந்தப் பிரிவில் மாமாவுக்கென்று விலக்கு எதுவும் எழுதிவைக்கவில்லை.

சிறையைவிட நிஜமான ஆபத்து ஐபி முகவரி. வீட்டில் எத்தனை பேர் பயன்படுத்தினாலும், வெளியே தெரிவது இணைப்பு வாங்கியவரின் ஒரே முகவரிதான். 2008 ஜூலை 26 அன்று அகமதாபாத்தில் குண்டுகள் வெடிப்பதற்குச் சற்று முன் ஊடகங்களுக்கு ஒரு மின்னஞ்சல் போனது. அதன் தடம், நவி மும்பையில் குடியிருந்த ஓர் அமெரிக்கரின் வீட்டில் போய் நின்றது. அவர் அனுப்பவில்லை, பாதுகாப்பில்லாமல் கிடந்த அவருடைய வைஃபையை வேறு யாரோ பயன்படுத்தியிருந்தார்கள். அதைப் புரியவைப்பதற்குள் அவர் விசாரணைகளில் அலைந்து தீர்த்தார். இதையடுத்து 2009 பிப்ரவரியில் தொலைத்தொடர்புத் துறை, வைஃபையைப் பாதுகாப்பின்றித் திறந்து வைக்கக் கூடாதென இணைய நிறுவனங்களுக்கு உத்தரவு அனுப்பியது. இன்று ஆன்லைன் மோசடி பெருகிய காலம். மாடி போர்ஷன் பையன் எதிலாவது மாட்டினால், சைபர் கிரைம் போலீசார் முதலில் தட்டுவது கீழ்வீட்டுக் கதவைத்தான்.

மாடியில் இருப்பவருக்கும் நஷ்டம் உண்டு. அதைப் பற்றி யாரும் பேசுவதில்லை. பணம் கொடுத்தாலும் அவர் நிறுவனத்தின் வாடிக்கையாளர் இல்லை. லைன் மூன்று நாள் படுத்தால் அவரால் புகார் எண் வாங்க முடியாது. இன்னொன்றையும் அவர் இழக்கிறார். அதுதான் இணையச் சமநிலை: எல்லாத் தளங்களையும் நிறுவனம் பாரபட்சமின்றித் தர வேண்டும் என்ற விதி.

இது எங்கோ அமெரிக்காவில் நடக்கும் வாதம் என்று நினைக்க வேண்டாம். 2015 பிப்ரவரியில் ஃபேஸ்புக் நிறுவனமும் ரிலையன்ஸ் கம்யூனிகேஷன்ஸும் 'இன்டர்நெட்.ஆர்க்' திட்டத்தை இந்தியாவில் தொடங்கியபோது, முதல் கட்டத்திலேயே தமிழ்நாடு இருந்தது. தேர்ந்தெடுத்த சில தளங்கள் மட்டும் இலவசம், மற்றதற்குக் காசு. பிறகு அதற்கு 'ஃப்ரீ பேசிக்ஸ்' என்று பெயர் மாற்றினார்கள். ஏழைக்கு இலவசம் என்றால் யார் எதிர்ப்பார்கள்? எதிர்த்தார்கள். எந்தத் தளம் இலவசம் என்று நிறுவனம் தீர்மானித்தால், நாளைக்குத் திருச்சியில் ஒருவர் தொடங்கும் சின்னத் தளம் அந்தப் பட்டியலின் வாசலில் காத்துக் கிடக்க வேண்டும் என்பதே அவர்கள் வாதம். பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட மின்னஞ்சல்கள் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய்க்குப் போயின. 2016 பிப்ரவரி 8 அன்று டிராய், தளத்துக்குத் தளம் வேறு கட்டணம் வைக்கத் தடை போட்டது. மீறினால் நாளொன்றுக்கு 50,000 ரூபாய், உச்சமாக 50 லட்சம். 2018-இல் தொலைத்தொடர்புத் துறை உரிம நிபந்தனைகளையே திருத்தி, எந்தத் தளத்தையும் நிறுவனம் தன் விருப்பத்துக்கு முடக்கவோ மெதுவாக்கவோ முந்திக்கொள்ளவிடவோ கூடாது என்றது. அமெரிக்காவில் இந்த விதி ஆட்சிக்கு ஆட்சி மாறி, 2025 ஜனவரியில் நீதிமன்றத்தில் விழுந்துவிட்டது. இங்கே நிற்கிறது.

நீதிமன்ற ஆணையும் அரசின் தடை உத்தரவும் இந்தச் சமநிலை விதிக்கு விலக்கு. அந்த விலக்கும் எல்லை தாண்டியதுண்டு. 2012-இல் '3' படத்தின் திருட்டுப் பிரதியைத் தடுக்கச் சென்னை உயர் நீதிமன்றத்தில் பெற்ற ஆணையைக் காட்டி, நிறுவனங்கள் விமியோ போன்ற தளங்களை முழுசாகவே மூடின. அதே ஆண்டு ஜூனில், குறிப்பிட்ட பக்கங்களை மட்டும் முடக்கினால் போதும் என்று நீதிமன்றம் தெளிவுபடுத்த வேண்டியிருந்தது.

இந்த விதிகள் எல்லாம் உரிமம் பெற்ற நிறுவனத்தைத்தான் கட்டும். கீழ்வீட்டு மாமாவையோ விடுதி முதலாளியையோ கட்டாது. ராத்திரி பத்து மணிக்கு மேல் யூடியூபை ரௌட்டரிலேயே முடக்கி வைத்தால், விடுதி மாணவர் டிராய் விதியைக் காட்டிக் கேட்க முடியாது. கம்பி யார் பெயரில், எந்த முகவரியில் என்று நிறுவனம் கேட்கலாம். கம்பியில் என்ன பார்க்கிறோம் என்பதில் அது தலையிடக் கூடாது. இந்தப் பாதுகாப்பு, தன் பெயரில் ரசீது வைத்திருப்பவருக்குத்தான் முழுசாகக் கிடைக்கிறது.

பகிர்ந்து விற்க நேர்வழியும் இருக்கிறது. 2020 டிசம்பரில் மத்திய அமைச்சரவை ஒப்புதல் தந்த பிஎம்-வாணி திட்டத்தில், டீக்கடையோ மளிகைக் கடையோ பொது வைஃபை விற்கலாம். கடைக்காரருக்கு உரிமம் வேண்டாம், பதிவு வேண்டாம், கட்டணமும் வேண்டாம். பதிவு செய்த ஒரு ஒருங்கிணைப்பு நிறுவனத்தோடு சேர்ந்தால் போதும்; பயன்படுத்துவோர் யார் என்பதைச் சரிபார்ப்பதை அந்த ஏற்பாடே பார்த்துக்கொள்ளும். கடைக்காரரிடம் நிறுவனங்கள் விலை உயர்ந்த தனி லைன் வாங்கச் சொன்னதுதான் இத்தனை நாள் முட்டுக்கட்டை. 2025 ஜூனில் டிராய் அதற்கும் வழி செய்தது: 200 எம்பிபிஎஸ் வரையான வீட்டு ஃபைபர் திட்டங்களைக் கடைக்காரருக்கும் தர வேண்டும், விலை, வீட்டுக் கட்டணத்தைப் போல் இரண்டு மடங்கைத் தாண்டக் கூடாது. வைகுண்ட ஏகாதசிக் கூட்டத்தில் செல்போன் சிக்னல் திணறுவதைப் பார்த்தவர்கள், ராஜகோபுரத்துக்கு எதிரே உள்ள கடைகளுக்கு இது எவ்வளவு பொருந்தும் என்று சொல்வார்கள். விடுதி நடத்துபவர்களும் இதைப் பார்க்கலாம்.

சொந்தப் பெயரில் இணைப்பு வைத்திருப்போர் செய்ய வேண்டியது அதிகமில்லை. 'சஞ்சார் சாத்தி' தளத்தில் 620006 என்று பின்கோடைப் போட்டால், ஸ்ரீரங்கத்தில் கம்பிவழி இணையம் தரும் நிறுவனங்கள் எவை என்று காட்டும். வீதிக்கு ஒரே கேபிள்காரர்தான் என்ற நினைப்பு பல சமயம் பொய்யாகும். 2 எம்பிபிஎஸ் வேகம்கூட இல்லாததைப் பிராட்பேண்ட் என்று அழைக்கவே கூடாதென 2023 ஜனவரியில் வரையறை வந்துவிட்டது. புகாரை முதலில் நிறுவனத்திடம் கொடுத்து எண் வாங்க வேண்டும். தீரவில்லையென்றால் 30 நாளுக்குள் அதே நிறுவனத்தின் மேல்முறையீட்டு அதிகாரியிடம் போகலாம். அவர் 39 நாளுக்குள் முடிவு சொல்ல வேண்டும். தனிநபர் புகாரை டிராய் விசாரிப்பதில்லை, அங்கே எழுதி நாளைக் கடத்த வேண்டாம். தேசிய நுகர்வோர் உதவி எண் 1915.

தொலைத்தொடர்புப் புகாருக்கு நுகர்வோர் நீதிமன்றம் போக முடியாது என்று இன்னமும் சிலர் சொல்வார்கள். 2022 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம், போகலாம் என்று தீர்ப்பளித்துவிட்டது. குடியிருக்கும் ஊரிலேயே, அதாவது திருச்சி மாவட்ட ஆணையத்திலேயே வழக்குப் போடலாம். ஐந்து லட்சம் ரூபாய் வரை கட்டணம் கிடையாது. ஆனால் அங்கே முதலில் கேட்பது உங்கள் பெயரில் உள்ள ரசீதையும் புகார் எண்ணையும்தான். அடுத்த முறை லைன் போனால் கேபிள்காரருக்குப் போன் போடுங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. அதற்கு முன்னால் நிறுவனத்தைக் கூப்பிட்டு அந்த எண்ணை வாங்கிக் குறித்து வைத்துவிடுங்கள்.