இடுப்பு சொல்லும் கதை – 9: எந்த நாற்காலி?

மேற்குத் தாம்பரத்தில் எங்கள் தெருவில் ஓய்வுபெற்ற வங்கி அதிகாரி ஒருவர் இருக்கிறார். அதே தெருவில் நான்கு வீடுகளில் சமைக்கும் அக்கா, பெருங்களத்தூரிலிருந்து வருகிறவர். போன வருடம் இரண்டு பேருக்குமே இடுப்பில் ஆபரேஷன். இருவருக்கும் எல்4–எல்5 இடத்தில் டிஸ்க் பிதுங்கி, காலுக்குப் போகிற நரம்பை அழுத்திக்கொண்டிருந்தது. எம்.ஆர்.ஐ. ஃபிலிம்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் எது யாருடையது என்று என்னால் சொல்லியிருக்க முடியாது.

ஆனால் ஆபரேஷனுக்கு முந்தைய மாதத்தை இரண்டு பேரும் கழித்த விதம் வேறு. சார் வாக்கிங்கை நிறுத்தினார். பால்கனியில், முதுகுக்குத் தலையணை வைத்த நாற்காலியில் பேப்பர் படித்தார். வெளியே போனால் காரின் பின் சீட்டில் சாய்ந்துகொண்டார். வலி அவருக்கும் வலிதான். ராத்திரி தூக்கமில்லாமல் அவர் நடைபோட்டதை நானே பார்த்திருக்கிறேன். அக்காவோ ஒரே ஸ்டேஷன் தூரத்துக்கு மின்சார ரயிலில் ஏறக் கால் தூக்க முடியாமல் ஷேர் ஆட்டோவுக்கு மாறினார். வழியில் ஒவ்வொரு ஸ்பீடு பிரேக்கரும் இடுப்பில் கத்தி மாதிரி இறங்கும் என்றார். காலையில் குடத்தை இடுப்பில் ஏற்ற மகனை எழுப்பினார். வீட்டில் இந்தியன் டாய்லெட். குந்தினால் எழுந்திருக்கக் கதவுத் தாழ்ப்பாளைப் பிடிக்க வேண்டும். ஒரு நாள் தாழ்ப்பாள் கையோடு வந்துவிட்டது. அதைச் சொல்லிவிட்டு அக்கா சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

அன்றாட வாழ்க்கையை வலி எவ்வளவு முடக்கியிருக்கிறது என்று அளக்க டாக்டர்களிடம் ஒரு கேள்வித்தாள் உண்டு. இங்கிலாந்தில் ஆஸ்வெஸ்ட்ரி என்ற சிற்றூரின் மருத்துவமனையில் 1976இல் ஜான் ஓ'பிரையன் தொடங்கிய வேலை அது. ஜெரமி ஃபேர்பேங்கும் மற்றவர்களும் 1980இல் வெளியிட்டார்கள். இன்றுவரை உலகம் முழுக்க அது புழக்கத்தில் இருக்கிறது. வலி, குளிப்பது உடுத்துவது, தூக்குவது, நடப்பது, உட்கார்வது, நிற்பது, தூக்கம், தாம்பத்தியம், நாலு பேரோடு பழகுவது, பயணம் என்று பத்துத் தலைப்பு. ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 5 வரை மதிப்பெண். கூட்டி இரண்டால் பெருக்கினால் சதவீதம். 20 வரை லேசு, 40 வரை நடுத்தரம், 60 வரை கடுமை. 80ஐத் தாண்டினால் படுத்த படுக்கை.

2014இல் இதன் தமிழ் வடிவத்தைச் சோதித்து, நம்பலாம் என்று ஆய்விதழில் வெளியிட்டார்கள். நல்ல காரியம். இந்தத் தொடருக்காக இரண்டு பேரிடமும் ஆபரேஷனுக்கு முன்பே அந்தக் கேள்விகளைக் கேட்டேன்.

உட்கார்வது பற்றிய கேள்வியில், "எனக்குப் பிடித்தமான நாற்காலியில் எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் உட்கார முடியும்" என்று ஒரு பதில் உண்டு. சார் சட்டென்று டிக் அடித்தார். அக்கா என்னையே பார்த்தார். "எந்த நாற்காலி தம்பி? எங்க வீட்ல நாற்காலி வர்றவங்களுக்குத்தான்."

தரையில் சம்மணம் போட முடிகிறதா, குந்தி எழ முடிகிறதா என்று அந்தத் தாள் கேட்பதில்லை. எழுதியவர்கள் மேல் குற்றமில்லை. அவர்கள் ஊர் நோயாளிக்கு எழுதினார்கள். தாம்பத்தியக் கேள்விக்கு அக்கா பதில் சொல்லவில்லை, நானும் வற்புறுத்தவில்லை. ஒன்றை விட்டால் 50க்குப் பதில் 45ஆல் வகுக்க வேண்டும். சாருக்கு 50க்கு 22, அதாவது 44. அக்காவுக்கு 45க்கு 23, அதாவது 51. இருவருமே 'கடுமை'. இந்த அளவுகோலில் பத்துப் புள்ளியாவது மாறினால்தான் பொருட்படுத்தத்தக்க மாற்றம் என்பது வழக்கம். இங்கே வித்தியாசம் ஏழு. தாளை நம்பினால் இரண்டு பேரும் ஏறக்குறைய ஒன்று.

ஃபிலிமை நம்பினாலும் இதே கதிதான். முதுகுவலியே வந்திராத 67 பேரை ஸ்கேன் செய்து 1990இல் போடன் குழு வெளியிட்ட ஆய்வில், மூன்றில் ஒருவரின் ஃபிலிமில் குறிப்பிடத்தக்க கோளாறு இருந்தது. ஃபிலிம் டிஸ்கைக் காட்டும், குடத்தைக் காட்டாது. ஸ்வீடனின் தேசியப் பதிவேட்டில் பெண்கள் ஆண்களைவிட அதிக வலியோடு ஆபரேஷனுக்கு வந்தது பதிவாகியிருக்கிறது. அக்காவும் வலியைப் பொறுத்துக்கொண்டு தாமதித்துத்தான் வந்தார். ஏன் என்று எனக்குத் தெரியும்: லீவு போட்டால் சம்பளம் இல்லை. (மூத்திரம் அடைத்துக்கொண்டாலோ, உட்காரும் இடம் மரத்துப்போனாலோ புள்ளிக் கணக்கெல்லாம் பார்க்கக் கூடாது, அன்றைக்கே ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும்.)

டிஸ்க் ஆபரேஷன் காலுக்கு இறங்கும் வலியை நன்றாகக் குறைக்கும். இடுப்பு வலியை அந்த அளவுக்குக் குறைக்காது. மிச்சமிருக்கிற வலியோடு எந்த வீட்டுக்குத் திரும்புகிறோம் என்பதுதான் பிறகு எல்லாம். அதனால்தான் டாக்டர்களிடம் கேட்கிறேன்: அந்தத் தாளோடு இன்னும் மூன்று கேள்வி சேர்த்துக் கேளுங்கள். வீட்டில் எந்த டாய்லெட்? தண்ணீர் யார் தூக்குகிறார்? எத்தனை நாளில் வேலைக்குப் போயாக வேண்டும்?

அக்காவை டிஸ்சார்ஜ் செய்தபோது, குனியாதீர்கள், குந்தாதீர்கள், வெஸ்டர்ன் டாய்லெட்டே பயன்படுத்துங்கள் என்று எழுதிக் கொடுத்தார்கள். மகன் நடுவில் ஓட்டை போட்ட பிளாஸ்டிக் நாற்காலி ஒன்று வாங்கி வந்தான். உள்ளே வைத்தால் கதவு மூடவில்லை. கதவைக் கழற்றிச் சுவரில் சாய்த்துவிட்டு, அம்மாவின் பழைய சேலையை இரண்டாக மடித்துத் திரையாகக் கட்டினான்.