"வெறும் ஃப்ளேவர் தானே!" - வேப்பிங்கை டீன் ஏஜ் பிள்ளைகள் ஆபத்தாக நினைக்காதது ஏன்?

பார்க்க பென் டிரைவ் மாதிரி இருக்கும். சில நேரம் ஹைலைட்டர் பேனா மாதிரி இருக்கும். வாயில் வைத்து இழுத்தால் மாம்பழ வாசனை, புதினா வாசனை. சாம்பல் கிடையாது, புகை நாற்றம் கிடையாது. இதுதான் 'வேப்' எனப்படும் இ-சிகரெட்.

இந்தியாவில் 2019-லேயே தடை செய்யப்பட்ட பொருள் இது. ஆனாலும் மாணவர்கள் கைக்கு எப்படியோ வந்து சேர்ந்துவிடுகிறது. சிகரெட் என்றால் முகம் சுளிக்கும் பிள்ளைகள்கூட இதை மட்டும் சாதாரணமாக எடுத்துக்கொள்வது ஏன்? பார்க்கலாம்.

உள்ளே என்ன இருக்கிறது?

ஒரு பேட்டரி, ஒரு சிறிய கம்பிச்சுருள், கொஞ்சம் திரவம். இழுக்கும்போது சுருள் சூடாகி, திரவம் நுண்துளிகளாக மாறி நுரையீரலுக்குள் போகிறது. பலரும் நினைப்பதுபோல அது வெறும் நீராவி கிடையாது. பெரும்பாலான வேப்களில் நிகோடின், புரோப்பிலீன் கிளைக்கால், கிளிசரின், வாசனை ரசாயனங்கள் இருக்கும். சூடாகும் சுருளில் இருந்து நிக்கல், ஈயம் போன்ற உலோகத் துகள்களும் கலந்து வரலாம்.

பயம் எங்கே போனது?

முதல் முறை சிகரெட் இழுத்தால் தொண்டை எரியும், இருமல் வரும். "இது நமக்கு வேண்டாம்டா சாமி" என்று பலர் அதோடு நிறுத்திவிடுவார்கள். மீறி பிடித்தாலும், வீட்டுக்குள் நுழைந்ததும் வாடையே காட்டிக்கொடுத்துவிடும்.

வேப்பில் இந்த இரண்டு தடையும் இல்லை. பல வேப்களில் 'நிகோடின் சால்ட்' பயன்படுத்தப்படுகிறது. நிகோடினுடன் ஓர் அமிலத்தைச் சேர்ப்பதால் தொண்டை எரிச்சல் குறைகிறது. இதனால் அதிக நிகோடினைக்கூட இருமாமல் உள்ளே இழுக்க முடிகிறது. எரிச்சல் இல்லை என்றால் ஆபத்தும் இல்லை என்று பிள்ளைகள் தப்புக்கணக்கு போடுவது இங்கேதான்.

அமெரிக்கா கற்ற பாடம்

அமெரிக்காவில் 'ஜூல்' என்ற வேப் மாணவர்களிடையே வேகமாகப் பரவியது. அதன் 5 சதவீத நிகோடின் கொண்ட ஒரு பாட், 20 சிகரெட் கொண்ட ஒரு பாக்கெட்டுக்கு ஏறக்குறைய சமம். ஆனால், அதைப் பயன்படுத்திய 15 முதல் 24 வயதினரில் 63 சதவீதம் பேருக்கு, அதில் எப்போதும் நிகோடின் இருக்கும் என்பதே தெரியவில்லை என்று 2018-ல் வெளியான ஆய்வு கூறியது.

2019-ல் அங்குள்ள உயர்நிலைப் பள்ளி மாணவர்களில் 27.5 சதவீதம் பேர் வேப் பயன்படுத்தினர். அதன்பின் எண்ணிக்கை நன்றாகக் குறைந்தாலும், 2024 கணக்கெடுப்பிலும் சுமார் 16 லட்சம் பள்ளி மாணவர்கள் இந்தப் பழக்கத்தில் இருந்தனர். அவர்களில் 10-ல் கிட்டத்தட்ட 9 பேர் பயன்படுத்தியது ஃப்ளேவர் வேப்தான்.

"சிகரெட்டை விட பரவாயில்லையே?"

பிள்ளைகள் அடிக்கடி கேட்கும் கேள்வி இது. வேப்பில் புகையிலை எரிவதில்லை. அதனால் தார், கார்பன் மோனாக்சைடு போன்ற சில நச்சுகள் குறைவு என்பது உண்மை. ஆனால் இதுவரை சிகரெட்டே தொடாத 15 வயது பிள்ளை, வேப்பை ஒப்பிட வேண்டியது சிகரெட்டோடு அல்ல, சுத்தமான காற்றோடு.

மூளை வளர்ச்சி சுமார் 25 வயது வரை தொடர்கிறது. இந்த வயதில் நிகோடின் பழகினால் கவனம், கற்கும் திறன், மனநிலை எல்லாமே பாதிக்கப்படலாம்.

உள்ளே இருப்பது என்ன என்றே தெரியாமல் இழுப்பது இன்னொரு ஆபத்து. 2019-20-ல் அமெரிக்காவில் வேப்பிங் தொடர்பான நுரையீரல் பாதிப்பில் 68 பேர் உயிரிழந்தனர். கஞ்சாவின் போதைப் பொருள் கலந்த வேப்களில் சேர்க்கப்பட்ட வைட்டமின் இ அசிடேட் முக்கியக் காரணமாகக் கண்டறியப்பட்டது. இந்தியாவில் மறைவாக விற்கப்படும் வேப்களுக்கு எந்தத் தரப் பரிசோதனையும் கிடையாது.

சட்டம் என்ன சொல்கிறது?

2019-ம் ஆண்டு சட்டப்படி இ-சிகரெட் தயாரிப்பு, இறக்குமதி, விற்பனை, விளம்பரம் எல்லாமே குற்றம். முதல் முறை சிக்கினால் ஓராண்டு வரை சிறை அல்லது ரூ.1 லட்சம் வரை அபராதம் அல்லது இரண்டும். மீண்டும் சிக்கினால் 3 ஆண்டு வரை சிறை, ரூ.5 லட்சம் வரை அபராதம். ஆன்லைன் விற்பனைக்கும் இது பொருந்தும்.

பெற்றோர் என்ன செய்யலாம்?

அறையில் காரணமில்லாத பழ வாசனை, பையில் புரியாத சார்ஜர், திடீர் எரிச்சல், படிப்பில் கவனமின்மை ஆகியவை தென்பட்டால் கவனியுங்கள். இவற்றுக்கு வேறு காரணமும் இருக்கலாம் என்பதால் எடுத்த எடுப்பில் திட்டாமல், "இதைப் பத்தி உனக்கு என்ன தெரியும்?" என்று பேச்சைத் தொடங்கலாம்.

"நினைச்சா விட்டுடுவேன்" என்று பிள்ளை சொன்னால், ஒரு வாரம் விட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். முடியவில்லை என்றால் அது பிள்ளையின் மன உறுதி சார்ந்த குறை கிடையாது; நிகோடினின் வேலை. அப்போது தேவைப்படுவது அடி அல்ல, உதவி. மருத்துவரை அணுகலாம். புகையிலைப் பழக்கத்தை விட உதவும் தேசிய இலவச எண் 1800-11-2356-க்கும் அழைக்கலாம்.