தம்பியின் பத்தரை மணி

இரவு நேர வானொலி நிகழ்ச்சி படைக்கும் எனக்கு, தூக்கம் வராத நேயர்கள் பழகிப்போனவர்கள். ஆனால் என் தம்பி ஓர் இரவு தூங்கவில்லை என்றால் வீட்டில் எல்லாருக்கும் வயிற்றைக் கலக்கும்.

அவனுக்கு ‘பைபோலார்’ எனப்படும் இருதுருவ மனநலக் கோளாறு. படுக்கையை விட்டு எழ முடியாத மனச்சோர்வு ஒரு துருவம். கட்டுக்கடங்காத உற்சாகம் மறு துருவம். இவர்களுக்குத் தூக்கம் கெடுவது நோயின் அறிகுறி மட்டுமன்று, மறு துருவத்துக்குத் தள்ளிவிடும் காரணமாகவும் அமையலாம்.

அதனால் தூக்கமின்மைக்கான வழக்கமான சிகிச்சைகள் எல்லாம் இவர்களுக்கு அப்படியே பொருந்தா. படுக்கையில் இருக்கும் நேரத்தைக் குறைக்கும் பயிற்சி பலருக்குப் பலன் தரும். இவர்களுக்கோ அது மிகை உற்சாகத்தைத் தூண்டிவிடலாம். மனச்சோர்வு மருந்தைத் தனியாக உட்கொள்வதிலும் அதே ஆபத்து உண்டு. ஆகவே, எந்த மருத்துவரிடம் சென்றாலும் “தூக்கம் வரவில்லை” என்பதோடு நிறுத்தாமல், “எனக்கு பைபோலார் இருக்கிறது” என்றும் சொல்லிவிடுங்கள்.

மனநிலையைச் சீராக்கும் மருந்துகளே அடிப்படை. அவற்றுடன், இக்கோளாறு உள்ளவர்களுக்கென மாற்றியமைக்கப்பட்ட தூக்கப் பயிற்சியும் உதவும். அமெரிக்காவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் ஆலிசன் ஹார்வி குழுவினர் 58 பேரிடம் நடத்திய ஆய்வு 2015ல் வெளியானது. அத்தகைய பயிற்சி பெற்றவர்களுக்குத் தூக்கம் மேம்பட்டது. நோய் திரும்புவதும் குறைந்தது.

பயிற்சியின் சாரம் எளிது. விடுமுறை நாளிலும் ஒரே நேரத்தில் எழ வேண்டும். இரவில் விளக்குகளையும் கைப்பேசியையும் முன்கூட்டியே அணைக்க வேண்டும். தம்பி பத்தரைக்குப் படுத்துவிடுவான். உறவினர் வீட்டு விருந்தானாலும் நாங்கள் பத்து மணிக்குக் கிளம்பிவிடுவோம்.

சென்ற தீபாவளிக்கு முன்பு, மூன்று நாள்கள் அவன் மூன்று மணி நேரமே தூங்கினான். ஆனாலும் பாடிக்கொண்டே வீடு முழுவதையும் துடைத்து வைத்தான். “பொறுப்பான பிள்ளை!” என்றார் பக்கத்து வீட்டு ஆண்ட்டி. அம்மாவோ உடனே மருத்துவரை அழைத்தார். மருந்தின் அளவு மாற்றப்பட்டது. மருத்துவமனையில் சேர்க்க வேண்டிய நிலை வரவில்லை.

தூங்காமல் சோர்ந்துபோவது ஒன்று. தூங்காமலே தெம்பாக இருப்பது வேறு. அது எச்சரிக்கை மணி. உங்கள் வீட்டிலும் இப்படி ஒருவர் இருந்தால், அந்த வேறுபாட்டைக் கவனியுங்கள். மருந்தை நீங்களாகக் கூட்டவோ குறைக்கவோ வேண்டாம். மருத்துவரிடம் அன்றே பேசிவிடுங்கள்.