சீன மூலிகை மருத்துவம் கத்துக்கணுமா? முதல் பாடம் 'எந்த நோய்க்கு எந்த மூலிகை' இல்லை!

பெல்ஜியம் நாட்டின் பிரஸ்ஸல்ஸ் நகரம். 1990-களின் தொடக்கம். உடல் எடையைக் குறைக்க ஒரு கிளினிக்கில் சிகிச்சை எடுத்த பெண்கள் அடுத்தடுத்து சிறுநீரகம் செயலிழந்து மருத்துவமனைகளுக்கு வந்தார்கள். அதற்கு முன் அவர்களுக்கு சிறுநீரகப் பிரச்னையே இருந்ததில்லை. அந்த கிளினிக்கின் மருந்தில் 1990-ல் புதிதாகச் சேர்க்கப்பட்டவை சீன மூலிகைகள்.

விசாரணையில் தெரியவந்த விஷயம்தான் அதிர்ச்சி. சேர்க்க வேண்டிய வேரின் பெயர் 'ஃபாங் ஜி'. உள்ளே போயிருந்ததோ 'குவாங் ஃபாங் ஜி'. பெயர் ஒன்றுபோல இருந்தாலும் இரண்டும் வேறு வேறு செடிகள். இரண்டாவது செடியில் இருக்கும் அரிஸ்டோலோகிக் அமிலம் சிறுநீரகத்தை அரித்துவிடும். 100-க்கும் மேற்பட்டோர் பாதிக்கப்பட்டனர். சிறுநீரகம் முழுமையாகப் பழுதான 39 பேரின் சிறுநீரகங்களையும் சிறுநீர்க் குழாய்களையும் அகற்றி ஆராய்ந்தபோது, 18 பேருக்குப் புற்றுநோயும் இருந்தது.

'இயற்கை மூலிகைதானே, என்ன ஆகிடப்போகுது?' என்று நினைப்பவர்கள் தெரிந்துகொள்ள வேண்டிய சம்பவம் இது. அப்படியென்றால் சீன மருத்துவமே தப்பா? இல்லை. அதன் அடிப்படை தெரிந்தால், எது வீட்டுக்கு ஆகும், எதைத் தொடக்கூடாது என்பதும் தெரிந்துவிடும். ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

சூடு, குளிர்ச்சி... நமக்குப் பழகிய கணக்குதான்!

சீன மருத்துவத்தில் ஒவ்வொரு மூலிகைக்கும் ஒரு தன்மை உண்டு. குளிர், தண்மை, வெதுவெதுப்பு, சூடு என்று நான்காகப் பிரிக்கிறார்கள். நம் வீட்டுப் பெரியவர்கள் 'பப்பாளி சூடு, வெள்ளரி குளிர்ச்சி' என்று சொல்வது போலத்தான். தொட்டுப் பார்த்தால் தெரியும் சூடு அல்ல இது. உடம்புக்குள் போய் என்ன செய்கிறது என்பதை வைத்துச் சொல்வது.

அடுத்தது சுவை. காரம், இனிப்பு, புளிப்பு, கசப்பு, உப்பு என ஐந்து. நம் சித்த மருத்துவத்தில் துவர்ப்பையும் சேர்த்து ஆறு. காரம் வியர்க்க வைக்கும், இனிப்பு தெம்பு தரும், கசப்பு சூட்டை இறக்கும் என்பது அவர்கள் கணக்கு. இஞ்சி காரம், வெதுவெதுப்பு. புதினா வகையும் காரம்தான், ஆனால் குளிர்ச்சி. செவ்வந்திப் பூவும் குளிர்ச்சி வகை.

இந்த இரண்டும் தெரிந்துவிட்டால் போதுமா? இங்கேதான் பலர் தவறு செய்கிறார்கள்.

ஒரே ஜுரம், ரெண்டு மருந்து!

'சளிக்கு எந்த மூலிகை?' என்று ஒரு சீன வைத்தியரிடம் கேட்டால் நேரடியாகப் பதில் வராது. 'வியர்க்குதா, இல்லையா?' என்று திருப்பிக் கேட்பார்.

சுமார் 1,800 ஆண்டுகளுக்கு முன், ஹான் வம்ச ஆட்சியின் கடைசிக் காலத்தில் வாழ்ந்த ஜாங் ஜோங்ஜிங் என்ற மருத்துவர் வகுத்த முறை இது. குளிரும் ஜுரமுமாக வரும் ஒருவருக்கு வியர்வை இருந்தால் 'குய்ஜி' கஷாயம். வியர்வையே இல்லாமல் உடம்பு வலியோடு இருந்தால் 'மா ஹுவாங்' கஷாயம். வியர்க்காதவருக்கு முதல் கஷாயத்தைக் கொடுக்கக்கூடாது என்று எச்சரிக்கையும் இருக்கிறது.

அதாவது, மருந்து நோயின் பெயருக்கு அல்ல. அந்த நேரத்தில் அந்த உடம்பு காட்டும் அறிகுறிகளின் தொகுப்புக்கு. அதனால்தான் நாக்கைப் பார்க்கிறார்கள், நாடி பிடிக்கிறார்கள், தூக்கம், பசி, தாகம் எல்லாம் கேட்கிறார்கள். பக்கத்து வீட்டுக்காரருக்குக் கேட்ட மருந்து நமக்குக் கேட்காமல் போவதற்கு அவர்கள் சொல்லும் காரணமும் இதுதான்.

ஒரு கஷாயத்துக்குள் ஒரு அரசவை

அந்தக் குய்ஜி கஷாயத்தைப் பிரித்துப் பார்த்தால் சீன மருத்துவத்தின் இன்னொரு அடிப்படை புரியும். இதில் ஐந்தே பொருட்கள்.

• சீன லவங்கப்பட்டை மரத்தின் இளங்கிளை - இதுதான் 'அரசன்'. முக்கிய வேலை இதனுடையது.

• வெள்ளை பியோனி வேர் - 'அமைச்சர்'. அதிகமாக வியர்த்துவிடாமல் பிடித்து நிறுத்துகிறது.

• இஞ்சி, சீன இலந்தைப்பழம் - 'உதவியாளர்கள்'. வயிற்றைப் பார்த்துக்கொள்கின்றன.

• அதிமதுரம் - 'தூதர்'. எல்லாவற்றையும் ஒத்துப்போக வைக்கிறது.

ஒன்று முன்னால் தள்ள, இன்னொன்று பின்னால் இழுத்துப் பிடிக்கும். சீன மருத்துவத்தில் தனி மூலிகையைவிட சேர்மானம் முக்கியம் என்பது இதனால்தான். ஒன்றாகச் சேர்க்கவே கூடாத மூலிகைகளுக்குத் தனிப் பட்டியலும் உண்டு.

இன்னொரு சுவாரஸ்யம்: கஷாயம் குடித்த கொஞ்ச நேரத்தில் சூடான கஞ்சி குடித்து, போர்த்திக்கொண்டு படுக்க வேண்டும், லேசாக வியர்த்தால் போதும், தண்ணீராகக் கொட்டக்கூடாது என்றும் அந்தப் பழைய நூல் சொல்கிறது. அப்போதும் சரி இப்போதும் சரி, ஜுரத்துக்குக் கஞ்சிதான்!

காய்ச்சுவதிலும் கணக்கு இருக்கு

பொதுவான முறை இது. மண் பானையிலோ பீங்கான் பாத்திரத்திலோ மூலிகையைப் போட்டு, மூழ்கும் அளவுக்குத் தண்ணீர் ஊற்றி அரை மணி நேரம் ஊறவிடுவார்கள். இரும்பு, அலுமினியப் பாத்திரம் கூடாது. கொதி வந்ததும் தீயைக் குறைத்து 20 முதல் 30 நிமிடம் காய்ச்சி வடிகட்டுவார்கள். அதே மூலிகையில் மறுபடி தண்ணீர் ஊற்றிக் காய்ச்சி, இரண்டையும் கலந்து இரண்டு வேளையாகக் குடிப்பது வழக்கம்.

புதினா போன்ற வாசனை மூலிகைகளைக் கடைசி சில நிமிடங்களில்தான் போடுவார்கள். இல்லையென்றால் வாசனையோடு சத்தும் ஆவியாகிப் போய்விடும். நேர்மாறாக, 'ஃபூட்ஸு' என்ற கிழங்கை மற்ற எல்லாவற்றுக்கும் முன்னதாகவே போட்டு நீண்ட நேரம் காய்ச்ச வேண்டும். இது நம்ம ஊர் நாபி வகையைச் சேர்ந்தது. கொடிய விஷம். முதலில் சுத்தி செய்து, பிறகு நன்றாகக் காய்ச்சினால்தான் அதன் விஷம் குறையும். சரியாகக் காய்ச்சாமல் குடித்தால் இதயத் துடிப்பு தாறுமாறாகி உயிரே போகலாம்.

'பக்கவிளைவு இல்லை'ன்னு சொன்னது யாரு?

சத்தியமாக சீனர்கள் இல்லை. அவர்களின் மிகப் பழைய மூலிகை நூலான 'ஷென்னோங்' மருந்து நூல் 365 மருந்துகளை மூன்று தரமாகப் பிரிக்கிறது. நீண்ட நாள் சாப்பிடக்கூடியவை மேல்தரம். விஷத்தன்மை உள்ளவை, அதிக நாள் எடுக்கக்கூடாதவை கீழ்த்தரம். 16-ம் நூற்றாண்டில் லி ஷிசென் என்ற மருத்துவர் தொகுத்த புகழ்பெற்ற நூலில் 1,892 மருந்துப் பொருட்கள் இருக்கின்றன. அதிலும் விஷப் பொருட்களுக்குத் தனிப் பிரிவே உண்டு.

மேலே பார்த்த மா ஹுவாங்கையே எடுத்துக்கொள்வோம். இதில் இருக்கும் எஃபெட்ரின் ரத்த அழுத்தத்தையும் இதயத் துடிப்பையும் ஏற்றும். சீன வைத்தியர்கள் இதைச் சளி, இரைப்புக்கு மற்ற மூலிகைகளோடு சேர்த்துக் கொடுத்தார்கள். அமெரிக்காவில் இது எடைக்குறைப்பு மாத்திரையாகிக் கடைகளில் விற்றது. மாரடைப்பு, பக்கவாதம், மரணங்கள் எனப் புகார்கள் குவிய, 2004-ல் அந்த மாத்திரைகளுக்கு அந்நாட்டு அரசு தடை விதித்தது. மூலிகை அதேதான். யாருக்கு, எதற்கு, எவ்வளவு என்பதுதான் மாறிப்போனது.

அறிவியல் என்ன சொல்லுது?

எல்லாமே கட்டுக்கதை என்றும் ஒதுக்க முடியாது. 1960-களின் இறுதியில் மலேரியாவுக்குப் புதிய மருந்து தேடும் ரகசியத் திட்டத்தில் சீன ஆராய்ச்சியாளர் தூ யூயூ இறங்கினார். 'சிங்ஹாவ்' என்ற செடியின் சாறு ஒருமுறை வேலை செய்தது, மறுமுறை செய்யவில்லை. 4-ம் நூற்றாண்டைச் சேர்ந்த கே ஹோங்கின் நூலைப் புரட்டியபோது ஒரு விஷயம் அவர் கண்ணில் பட்டது. செடியைக் காய்ச்சச் சொல்லவில்லை, தண்ணீரில் ஊறவைத்துப் பிழியச் சொல்லியிருந்தது! சூடுதான் மருந்தைக் கெடுக்கிறது என்று யூகித்து, குறைந்த வெப்பத்தில் ஈதர் கொண்டு பிரித்தெடுத்தார். 1971-ல் பலன் கிடைத்தது. அதுதான் ஆர்ட்டெமிசினின். 2015-ல் அவருக்கு நோபல் பரிசு.

ஆனால் இதை வைத்து 'செடியை அப்படியே டீ போட்டுக் குடிக்கலாம்' என்று கிளம்பிவிடக்கூடாது. மலேரியாவுக்கு அந்த டீயை உலக சுகாதார நிறுவனம் பரிந்துரைக்கவில்லை. அதில் மருந்தின் அளவு நிலையாக இருக்காது. பழைய நூல் ஒரு துப்பு கொடுத்தது. அது மருந்தானது சோதனைக்குப் பிறகுதான்.

வீட்டோடு எது வரைக்கும் போகலாம்?

• இஞ்சி, இலந்தை, செவ்வந்திப் பூ டீ போன்றவை சமையலறைப் பொருட்கள். சாப்பாட்டு அளவில் கற்றுப் பழகலாம்.

• அதிமதுரம் நமக்கும் பழக்கமானதுதான். ஆனால் தினமும் நிறைய எடுத்தால் ரத்த அழுத்தம் ஏறும், உடலில் பொட்டாசியம் குறையும். பிபி உள்ளவர்கள் உஷார்.

• ரத்தம் உறையாமல் இருக்க வார்ஃபரின் எடுப்பவர்கள் ஜின்செங், டாங் குய் பக்கம் டாக்டரைக் கேட்காமல் போகக்கூடாது. கர்ப்பிணிகளும் சிறுநீரகம், கல்லீரல் பாதிப்பு உள்ளவர்களும் அப்படித்தான்.

• ஆன்லைனில் வரும் எடைக்குறைப்பு, மூட்டுவலி 'மூலிகை' மாத்திரைகளில் ஆங்கில மருந்தையும் ஸ்டீராய்டையும் ரகசியமாகக் கலந்தது பல நாடுகளில் பிடிபட்டிருக்கிறது. சாப்பிட்ட உடனே அதிசயமாகக் கேட்டால் சந்தேகப்படுங்கள்.

• மூலிகையின் வழக்குப் பெயரை மட்டும் நம்பாதீர்கள். தாவரவியல் பெயர் இல்லாத பாக்கெட் வேண்டாம். பிரஸ்ஸல்ஸில் நடந்தது பெயர்க் குழப்பம்தான்.

• இந்தியாவில் ஆயுஷ் முறைகளின் பட்டியலில் சீன மூலிகை மருத்துவம் இல்லை. சிங்கப்பூரில் இருப்பவர்கள், வைத்தியர் அரசின் பதிவு பெற்றவரா என்று பார்த்துவிட்டுப் போகலாம்.

கடைசியாக ஒன்று. பெல்ஜியத்தில் சிறுநீரகங்களைப் பறித்த அந்தச் செடி அரிஸ்டோலோக்கியா இனத்தைச் சேர்ந்தது. நம்ம ஊர் ஆடுதின்னாப்பாளையும் ஈஸ்வரமூலியும் அதே இனம்தான். அதே அமிலம் இவற்றிலும் இருக்கிறது. வாட்ஸ்அப்பில் வந்த குறிப்பை நம்பி யாராவது அரைத்துக் கொடுத்தால், குடிப்பதற்கு முன் அது என்ன செடி என்று ஒரு தடவை கேட்டுவிடுங்கள்.