லயாழழ என்றால் யாஹூ

சித்திரை நெருங்கினால் மதுரை தல்லாகுளத்தில் மண்டகப்படிக்காரர்கள் பழைய நோட்டீஸைத் தேடி எடுப்பார்கள். தேதியை மாற்றி, நன்கொடையாளர் பட்டியலில் காலமானவர்களுக்கு முன்னால் ‘அமரர்’ சேர்த்து, அப்படியே அச்சுக்குக் கொடுத்துவிடலாம். எங்கள் தெரு மண்டகப்படிக்கு 2003இல் அடித்த நோட்டீஸ் ஒரு சிடியில் இருந்தது. பட்டியல் மட்டும் நான்கு பக்கம். திறந்து பார்த்தால் ஒரு தமிழ் எழுத்துகூட இல்லை. ஆங்கில எழுத்தும் கமாவும் அரைப்புள்ளியும் அள்ளிக் கொட்டியதுபோலக் கிடந்தன. “ஃபைல் கரப்ட் ஆயிருச்சுண்ணே, திரும்ப அடிச்சிர வேண்டியதுதான்” என்றார் டி.டி.பி. கடைத் தம்பி. பக்கத்துக்கு இவ்வளவு என்று ரேட்டும் சொல்லிவிட்டார்.

ஃபைலுக்கு ஒன்றும் ஆகவில்லை. ஒரு எழுத்துகூடத் தொலையவும் இல்லை. இதே நிலையில் உங்கள் வீட்டிலும் ஒரு கல்யாணப் பத்திரிகையோ, தாத்தா எழுதிவைத்த குறிப்போ கிடக்கலாம் என்பதால், நடந்தது என்ன என்று சொல்லிவிடுகிறேன்.

கணினி எழுத்தைச் சேமிப்பதில்லை, எண்ணைத்தான் சேமிக்கிறது. ஆங்கிலத்தின் சின்ன ‘ஜே’ அதற்கு 106. தமிழுக்கெனத் தனி எண் பரவலாக வராத காலத்தில், எழுத்துரு செய்தவர்கள் ஒரு குறுக்குவழி கண்டார்கள். 106ஐ அப்படியே விட்டுவிட்டு, அதற்கு மாட்டியிருந்த ஜே சட்டையைக் கழற்றி ‘த’ சட்டையை மாட்டினார்கள். பாமினி எழுத்துருவில் ‘தமிழ்’ என்று அடித்தால் உள்ளே பதிவது ஜே, கே, பி, ஓ, ஓர் அரைப்புள்ளி. பாமினி இருக்கும் கணினியில் அது தமிழாகத் தெரியும். இல்லாத கணினியில் சட்டை கழன்று ஆங்கிலமாகத் தெரியும். கடைத் தம்பியின் புதுக் கணினியில் பாமினியைப் போட்டிருந்தால் நோட்டீஸ் அப்போதே தெரிந்திருக்கும்.

தொல்லை என்னவென்றால், ஒவ்வொருவரும் தன் இஷ்டத்துக்குச் சட்டை தைத்தார்கள். பாமினியில் ஒரு வரிசை, அரசு அலுவலகங்களில் புழங்கிய வானவில்லில் வேறு வரிசை. பல நாளிதழ்களின் இணையதளங்களும் தங்களுக்கென ஒன்று வைத்திருந்தன. செய்தி படிக்கவே எழுத்துருவை இறக்கிப் போட வேண்டியிருந்ததை நாற்பதைத் தாண்டியவர்கள் மறந்திருக்க மாட்டார்கள்.

யூனிகோடு இந்தக் கூத்தை முடித்துவைத்தது. 1991இல் வந்த அதன் முதல் பதிப்பிலேயே தமிழுக்கு 128 இடம் ஒதுக்கியிருந்தார்கள். அதில் ‘தமிழ்’ என்பது 2980, 2990, 3007, 2996, 3021. இந்த எண்களுக்கு உலகத்தில் வேறெந்த எழுத்தும் சொந்தம் கொண்டாட முடியாது. தமிழக அரசு 2010இல் இதைத் தரமாக ஏற்றது. கைப்பேசியில் நாம் அடிப்பதெல்லாம் இதுதான்.

பழையதைப் புதியதாக்க ‘எழுத்துரு மாற்றி’ இருக்கிறது. சுரதா என்பவர் செய்த பொங்குதமிழ் இணையப் பக்கம் ஒன்று, சென்னை நியூ ஹொரைசன் மீடியாவின் என்.எச்.எம். கன்வர்ட்டர் இன்னொன்று. இரண்டும் இலவசம். எண்ணுக்கு எண் மாற்றுவதில் என்ன வித்தை என்று தோன்றும். ‘மதுரை’யைப் பாருங்கள். பாமினி, தட்டச்சுப் பொறியின் வாரிசு. கண்ணுக்குத் தெரியும் வரிசையில் முதலில் ஐகாரக் கொம்பை அடித்து, பிறகு ‘ர’வை அடிக்க வேண்டும். யூனிகோடோ நாம் உச்சரிக்கிற வரிசையில் ‘ர’வை முன்னாலும் கொம்பைப் பின்னாலும் வைக்கிறது. ஆகவே மாற்றி, சட்டையை மாற்றுவதோடு ஆட்களையும் இடம் மாற்ற வேண்டும். ‘கொ’வுக்குப் பாமினியில் கொம்பு, க, கால் என்று மூன்று துண்டு. மூன்றையும் ஒன்றாகப் பிடிக்காமல் ‘க’வை மட்டும் முதலில் மாற்றிவிட்டால் கொம்பும் காலும் அனாதையாகிவிடும். அதனால் நல்ல மாற்றி பெரிய கூட்டங்களை முதலில் தேடும், தனி எழுத்துக்குக் கடைசியில்தான் வரும்.

எங்கள் நான்கு பக்கம் ஒட்டி எடுக்க ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. ஆனால் ஒட்டுவதற்கு முன் ஒரு காரியம் செய்தேன். பட்டியலில் ஊர்க்காரர்களின் தொலைபேசி எண் இருக்கிறது. பொங்குதமிழ்ப் பக்கம் திறந்ததும் நெட்டை அணைத்துவிட்டு மாற்றிப் பார்த்தேன். மாற்றியது. அப்படியானால் வேலை என் கணினிக்குள்ளேயே நடக்கிறது. அணைத்ததும் நின்றுபோகும் பக்கம், உங்கள் எழுத்தை வேறெங்கோ அனுப்பித்தான் மாற்றுகிறது. அதில் வீட்டு விவரத்தை ஒட்டாதீர்கள்.

எந்த எழுத்துரு என்றே தெரியாவிட்டால்? பி.டி.எஃப். கோப்பாக இருந்தால் அதன் பண்புகளில் எழுத்துரு என்ற பகுதி பெயரைச் சொல்லிவிடும். பார்க்க அழகாக இருக்கும் பி.டி.எஃப்.பில் ஒரு சொல்லைத் தேடினால் கிடைக்காமல் போவதும் இதே கதைதான். வடிவத்தைக் கோப்புக்குள் பொதித்திருப்பார்கள், உள்ளே இருப்பது பழைய எண். கையில் வெறும் தாள்தான் என்றால் கூகுள் லென்ஸில் படம் பிடியுங்கள், தமிழை வாசித்து எழுத்தாகத் தரும். ‘ர’வையும் காலையும் குழப்பிக்கொள்ளும், பார்த்துத் திருத்த வேண்டும்.

நம் ஊர்ப் பெயரைத் தாங்கிய மதுரைத் திட்டமும் இந்தப் பாட்டைப் பட்டதுதான். 1998 பொங்கலன்று சுவிட்சர்லாந்தின் லொசான் நகரில் இருந்துகொண்டு, வேதியியலாளர் கல்யாணசுந்தரம் தொடங்கியது. பல நாட்டுத் தமிழர்கள் சம்பளமில்லாமல் பழந்தமிழ் நூல்களைத் தட்டச்சு செய்தார்கள். கல்யாணசுந்தரம் தாமே ஆக்கிய மயிலை போன்ற எழுத்துருக்களில் தொடங்கி, பிறகு தகுதரம் என்ற பொதுக் குறிமுறைக்கு மாறி, அப்புறம் யூனிகோடுக்கு வந்தார்கள். சங்கம் வைத்த ஊரின் பெயரை வைத்துவிட்டு இரண்டு முறை குடிபெயர்ந்த நூல்கள்!

இனி எங்கள் பட்டியல். மாற்றியபின் ஒருவர் பெயருக்குக் கீழே ‘லயாழழ.உழஅ’ என்று இருந்தது. ஏதோ வடமொழி என்று பயந்துவிட்டேன். வெளிநாட்டில் இருந்தவரின் யாஹூ மின்னஞ்சல் முகவரி அது! ஆங்கிலமாகவே இருந்ததையும் பாமினி என்று நினைத்து, எழுத்துரு மாற்றி தமிழாக்கிவிட்டது. பழைய இணையப் பக்கங்களில் ‘றறற’ என்று தொடங்கும் சொல்லைப் பார்த்தால், அது மூன்று டபிள்யூ.

அடுத்த சிக்கல் இன்னும் நுட்பம். பட்டியலில் கௌரி என்று ஒருவர் இருப்பது தெரியும். தேடினால் ‘இல்லை’ என்கிறது கணினி. பாமினியில் ஔகாரத்தின் பின்துண்டும் ‘ள’வும் ஒன்றே. மாற்றி அதை கெ, ள என்று இரண்டாகப் பிரித்து ‘கெளரி’ என வைத்திருந்தது. கண்ணுக்கு ஏறக்குறைய ஒன்றுதான், கணினிக்கு வேறு வேறு. இணையத்தில் ‘கெளதமர்’, ‘மெளனம்’ என்று இப்படிப் பிரிந்து கிடப்பவை ஏராளம். தேடும்போது இரண்டு வகையிலும் அடித்துப் பாருங்கள். அதற்காக எல்லா ‘கெள’வையும் ஒரே அடியாக மாற்றிவிடவும் கூடாது, கெளிறு மீன் செத்துவிடும்.

இந்த ஆண்டு சேர்ந்த இன்னொரு கௌரியைக் கைப்பேசியில் ஒழுங்காக அடித்து, முழுப் பட்டியலையும் வாட்ஸ்அப்பில் கடைக்கு அனுப்பினேன். பழைய கௌரியைத் திருத்த மறந்துபோயிற்று. தம்பி வைத்திருப்பது பேஜ்மேக்கர். 2001இல் வந்த ஏழாம் பதிப்போடு நின்றுபோன மென்பொருள், யூனிகோடு தமிழ் அதற்கு ஆகாது. இதற்குள் பாமினியைப் போட்டுவைத்திருந்த அவர், நான் அனுப்பியதை மறுபடி அதற்கே மாற்றிக்கொண்டார். பாமினிக்குத்தான் ஔகாரமும் ளகரமும் ஒன்றாயிற்றே. அச்சாகி வந்த நோட்டீஸில் இரண்டு கௌரிக்கும் ஒரு வித்தியாசமும் தெரியவில்லை.