கோட்டுத் தாளும் நீள்கைத் தையல் இயந்திரமும்

ஊரில் ஒரு தொழிலைத் தொடங்க முற்படுவோர் பெரும்பாலும் முதலில் இயந்திரத்தின் விலையையே விசாரிக்கின்றனர். வேலை எவ்விடத்தில் தேங்கி நிற்கிறது என்று முதலில் விசாரிப்போர் மிகச் சிலரே. அமெரிக்க ஐக்கிய நாடுகளின் சிற்றூர்களில், 1980-ஆம் ஆண்டுகள் தொடங்கி, பல பெண்கள் வீட்டிலிருந்தபடியே நடத்திவரும் தொழில் ஒன்று இவ்விரண்டாவது வினாவிலிருந்து பிறந்ததாகும். பிறர் இணைத்துத் தந்த குவில்ட் போர்வைகளை நீள்கை இயந்திரத்தில் ஏற்றித் தைத்து முடித்துக் கொடுப்பதே அத்தொழில். அதன் நுட்பத்தையும் வரவு செலவையும் இங்கு விளக்க விரும்புகிறோம். அதனை அப்படியே பெயர்த்து நம் ஊரில் நட்டுவிடலாம் என்னும் எண்ணத்தினால் அன்று; குளிர்நாட்டுப் போர்வை நம் கோடைக்கு உதவாது. தையற் குழுக்களுக்கு யோசனை கூறும் பொறுப்பிலுள்ளோர் ஆராய வேண்டிய செய்திகள் பல அதில் அடங்கியிருக்கின்றன என்பதே காரணம்.

குவில்ட் என்பது மூன்று அடுக்குகள் கொண்ட போர்வை. மேலடுக்கு, துணித் துண்டுகளைச் சதுரமாகவும் முக்கோணமாகவும் வெட்டி ஒன்றோடொன்று இணைத்துத் தைத்தது. அடியில் இருப்பது ஒரே சீரான துணி. இரண்டிற்கும் நடுவே பருத்தி, கம்பளி அல்லது பாலியெஸ்டர் இழையாலான மெல்லிய பஞ்சு விரிப்பு இருக்கும். இம்மூன்றையும் ஊடுருவிச் செல்லும் தையலுக்கே குவில்டிங் என்று பெயர். இஃது அழகுக்காக மட்டும் இடப்படுவதன்று. இத்தையல் இல்லையேல், சிலமுறை துவைத்ததும் பஞ்சு நகர்ந்து ஒரு பக்கம் திரண்டுவிடும். தையல் வரிகளுக்கிடையே எத்தனை அங்குலம் வரை இடைவெளி விடலாம் என்பதைப் பஞ்சு விரிப்பின் உறையிலேயே அச்சிட்டு விற்கின்றனர். பஞ்சின் வகைக்கேற்ப அது 8 அங்குலம் என்றும் 10 அங்குலம் என்றும் வேறுபடும்.

முற்காலத்தில் இம்மூன்று அடுக்குகளையும் மரச் சட்டத்தில் விரித்துக் கட்டி, அண்டை வீட்டுப் பெண்கள் நாற்புறமும் அமர்ந்து கையூசியால் தைத்து முடிப்பர். ஊர்ப் பேச்சும் உணவும் கலந்த அந்நாளைக் ‘குவில்டிங் பீ’ என்று அழைத்தனர். அவ்வழக்கம் அருகிய பின்னர், துண்டுகளை இணைக்கும் வேலை வீட்டுத் தையல் இயந்திரத்துக்கு மாறிற்று. ஆனால் வீட்டு இயந்திரத்தில் ஊசிக்கும் அதன் தூணுக்கும் இடைப்பட்ட வெளி 6 முதல் 9 அங்குலமே இருக்கும். இரட்டைக் கட்டிலுக்கான போர்வையைச் சுருட்டி அவ்வெளிக்குள் திணித்து, நாலா பக்கமும் திருப்பித் தைப்பது தோளை ஒடிக்கும் வேலை. ஆகவே மேலடுக்கை ஆசையோடு தைத்து முடித்தவர்கள், மேற்கொண்டு செய்ய இயலாமல் அதனை மடித்து அலமாரியில் வைத்துவிட்டனர். வேலை தேங்கிய இடம் இதுவே. நெல்லை அவரவர் விளைவித்து அரைப்பதற்கு மட்டும் ஆலைக்குக் கொண்டுசெல்வதைப் போல, போர்வையை அவரவர் இணைத்து, அடுக்குகளைத் தைப்பதற்கு மட்டும் ஓரிடம் கொண்டுசெல்லும் ஏற்பாடு இதனால் உண்டாயிற்று.

சாதாரணத் தையல் இயந்திரத்தில் ஊசி ஓரிடத்தில் நிற்கும், துணி நகரும். நீள்கை இயந்திரத்தில் துணி நிற்கும், இயந்திரமே நகரும். 10 முதல் 14 அடி நீளமுள்ள மேசைச் சட்டத்தில், நெசவுத் தறியின் படைமரத்தைப் போன்ற உருளைகளில் போர்வை சுருட்டப்பட்டிருக்கும். தண்டவாளத்தின் மீது சிறு சக்கரங்களில் ஊர்ந்து, இயந்திரத்தின் தலை முன்பின்னாகவும் பக்கவாட்டிலும் ஓடும். கையின் நீளம் 18 அங்குலம் முதல் 30 அங்குலம் வரை கிடைக்கிறது. 18 அங்குலக் கை என்றால் 18 அங்குலமும் தைக்கலாம் என்று எண்ணிவிடக் கூடாது. சுருட்டிய துணியின் பருமன் ஒரு பகுதியை விழுங்கிவிடும். கையை வேகமாக நகர்த்தினாலும் மெதுவாக நகர்த்தினாலும் தையல்கள் ஒரே அளவில் விழுமாறு செய்யும் கருவி ஒன்றும் உண்டு. அங்குலத்துக்கு 10 தையல் என்று அமைத்துவிட்டால், சக்கரத்தின் ஓட்டத்தை அளந்து ஊசியின் வேகத்தை அதுவே மாற்றிக்கொள்ளும்.

இவ்வளவு இருந்தும் ஒரு தடை எஞ்சி நின்றது. பூவும் கொடியும் கையாலே வரைந்து ஓட்டும் திறமை எல்லோருக்கும் வாய்ப்பதில்லை. அத்தடையை நீக்கியது கோட்டுத் தாள். அந்நாட்டார் அதனைப் பான்டோகிராப் என்பர். பான்டோகிராப் என்பது உண்மையில் கிறிஸ்டோப் ஷைனர் என்னும் ஜெர்மானியப் பாதிரியார் 1603-இல் அமைத்த, கோல்களாலான படம்பெயர்க்கும் கருவியின் பெயர். குவில்ட் வேலையில் அக்கோல்கள் இல்லை; படம் பெரிதாவதோ சிறிதாவதோ இல்லை. ஒரு முனையில் கோட்டைத் தொடர்ந்தால் மறுமுனையில் அதே கோடு உருவாகிறது என்னும் ஒற்றுமையால் பெயர் மட்டும் ஒட்டிக்கொண்டது.

மேசையின் பின்புறத்தில், சட்டத்தின் நீளத்துக்கு ஒரு தாள் விரிக்கப்படும். அதில் ஒரே வடிவம் மீண்டும் மீண்டும் வருமாறு, இடைமுறியாத ஒற்றைக் கோடாக வரையப்பட்டிருக்கும். கையெடுக்காமல் இழுக்கும் சிக்குக் கோலத்தை அறிந்த நம் பெண்களுக்கு இதனை விளக்க வேண்டுவதில்லை. இயந்திரத்தின் பின்புறத்திலிருந்து லேசர் ஒளிப்புள்ளி ஒன்று அத்தாளின் மேல் விழும். தைப்பவர் பின்புறம் நின்று, பின்கைப்பிடியைப் பற்றி, அப்புள்ளி கோட்டின் மேலேயே செல்லுமாறு நடத்துவார். அவர் தாளில் நடத்தும் ஒவ்வோர் அசைவையும் முன்னே ஊசி போர்வையில் தைத்துக்கொண்டே செல்லும். வரையத் தெரியாதவரும் கோட்டைத் தொடரத் தெரிந்தால் போதும். இந்தத் தாள் கிழியும்வரை எத்தனை போர்வைக்கும் பயன்படும்.

செய்முறையில் நுட்பமான கட்டம், ஒரு வரிசை முடிந்து அடுத்த வரிசையைச் சேர்ப்பதாகும். தாளில் முழுக்கோட்டுக்கு மேலும் கீழும் புள்ளிக்கோடுகள் இருக்கும். அடுத்த வரிசை எங்கே விழவேண்டும் என்பதை அவை காட்டும். ஒரு வரிசையைத் தைத்து முடித்ததும், அவ்வரிசையின் ஏதேனும் ஒரு வளைவின் உச்சியை அடையாளம் வைத்துக்கொள்வர். போர்வையைச் சுருட்டி முன்னேற்றிய பின், ஊசியை அதே உச்சியின் மேல் கொணர்ந்து நிறுத்துவர். அப்போது பின்புறத்திலுள்ள ஒளிப்புள்ளி, தாளில் புள்ளிக்கோட்டின் அதே உச்சியில் விழுமாறு தாளை நகர்த்திப் பொருத்துவர். அரை அங்குலம் பிசகினால் வரிசைகள் ஒன்றன்மேலொன்று ஏறும், அல்லது நடுவே வெற்றிடம் தோன்றும். 100 அங்குல நீளப் போர்வையில் வரிசைக்கு 10 அங்குலம் என்றால் பத்து வரிசைகள். ஒவ்வொன்றிலும் சிறிது சிறிதாகச் சாய்ந்த பிழை, பத்தாம் வரிசையில் யாவர் கண்ணுக்கும் புலனாகும்.

மற்றோர் இடர், தைப்பவரின் கண் தாளில் இருப்பதனால் ஊசியின் அடியில் நடப்பதை அவர் காணமாட்டார் என்பது. எடுக்க மறந்த குண்டூசி, மடிந்துகொண்ட துணி, தையல் கூடிய தடித்த மேடு ஆகிய எதுவும் பின்புறம் நிற்பவருக்குத் தெரியாது. ஆகையால் அனுபவமுள்ளோர் ஒவ்வொரு வரிசைக்கு முன்னும் முன்புறம் சென்று துணியைத் தடவிப் பார்க்கின்றனர். பாபினில் எஞ்சியுள்ள நூல் அவ்வரிசைக்குப் போதுமா என்றும் சோதிக்கின்றனர். அடித்துணி, மேலடுக்கைக் காட்டிலும் நாற்புறமும் 4 அங்குலம் கூடுதலாக இருத்தல் வேண்டும். இல்லையேல் பக்கக் கவ்விகள் பற்ற இடமிராது. போர்வையை முரசுத் தோல்போல் விறைப்பாக இழுத்துக் கட்டுவதும் தவறு. நூலின் டென்ஷன் சரியில்லாவிடில் வளைவுகளில் நூல் குஞ்சம்போல் வெளியே இழுபட்டு நிற்கும். அந்நாட்டார் இதனைக் ‘கண்ணிமை மயிர்’ என்று வேடிக்கையாகக் குறிப்பிடுகின்றனர். அடிப்புறத்தை ஒருமுறையும் குனிந்து பாராமல் முழுப் போர்வையையும் தைத்துவிட்டு, இறக்கிய பின் இதனைக் கண்டு வருந்துவோர் உண்டு. பத்து நிமிடத்தில் தைத்ததைப் பிரிக்க ஒரு மாலைப்பொழுது வேண்டும். பிறர் பல மாதம் பாடுபட்டுத் தைத்த பொருள் தம் கையில் இருக்கிறது என்பதை இத்தொழில் செய்வோர் ஒரு கணமும் மறக்க இயலாது.

இனிக் கணக்கைப் பார்ப்போம். கூலியைச் சதுர அங்குலத்துக்கு இத்தனை சென்ட் என்று வாங்குவது வழக்கம். எடுத்துக்காட்டாக 2 சென்ட் என்று வைத்துக்கொள்வோம். 90 அங்குல அகலமும் 100 அங்குல நீளமும் உள்ள போர்வை 9,000 சதுர அங்குலம். கூலி 180 டாலர். ஏற்றுவது முதல் இறக்குவது வரை அரை நாள் வேலை. ஆனால் பெரிய நீள்கை இயந்திரங்கள் பல்லாயிரம் டாலர் விலையுடையவை. 20,000 டாலர் இயந்திரம் எனில், அதன் விலையை மட்டும் மீட்க 112 போர்வைகள் தைத்தாக வேண்டும். நூல், மின்சாரம், வட்டி, பழுது ஆகியவை இக்கணக்கில் சேரவில்லை. அப்போர்வைகளைக் கொண்டுவருவோர் யார் என்பதே முதன்மையான கேள்வி.

இக்கேள்வியைக் கேளாமல் நாமே ஒருமுறை தவறியிருக்கிறோம். ஒரு தையற் குழுவுக்கு விசைத் தையல் இயந்திரங்கள் வாங்கக் கடனுக்குப் பரிந்துரை செய்தோம். இயந்திரங்கள் குறித்த நாளில் வந்து சேர்ந்தன. தைப்பதற்கு வேலை வரவில்லை. அப்பெண்கள் களையெடுக்கச் சென்று பெற்ற கூலியில் எட்டு மாதம் தவணை கட்டினர். நம்மிடம் ஒருவரும் குறைகூறவில்லை. இயந்திரங்களின் மேல் தூசி படியாதிருக்கப் போர்த்தியிருந்த பழைய சேலைகள் இன்றும் நம் கண்முன் நிற்கின்றன.

மிசௌரி மாநிலத்தின் ஹாமில்டன் என்னும் ஊரின் வரலாற்றை நாம் கவனத்தோடு படித்ததற்கு இதுவும் ஒரு காரணம். ஏறத்தாழ 1,700 மக்களே வாழும் ஊர் அது. புகழ்பெற்ற கடைத்தொடரை நிறுவிய ஜே. சி. பென்னி 1875-இல் பிறந்த இடம் என்பதைத் தவிர வெளியுலகில் அதற்குப் பெயரில்லை, கடைத்தெருவும் நலிந்திருந்தது. 2008-ஆம் ஆண்டின் பொருளாதார வீழ்ச்சியில் டோன் குடும்பத்தார் ஓய்வுக்காலத்துக்கென வைத்திருந்த சேமிப்பு கரைந்தது. தாயார் ஜென்னி டோன் தைக்கக் கொடுத்த போர்வை, வேலை மிகுதியால் பல மாதங்களாகியும் திரும்பி வராததைப் பிள்ளைகள் கவனித்தனர். காத்திருப்போர் வரிசை அவ்வளவு நீளமெனில் இன்னோர் இயந்திரத்துக்கும் வேலை இருக்கும் என்று கணித்து, கடன் பெற்று நீள்கை இயந்திரம் ஒன்றை வாங்கினர். அது வீட்டுக்குள் அடங்காமையால் கடைத்தெருவில் ஒரு கட்டடத்தையும் வாங்க நேர்ந்தது. கட்டடத்தைவிட இயந்திரத்துக்கே விலை மிகுதி என்பதிலிருந்து அவ்வூரின் அன்றைய நிலையை உணரலாம்.

இதனை இயந்திரத்தின் வெற்றி என்று எழுதுவோர் பாதிக் கதையையே சொல்கின்றனர். சிற்றூரில் வாடிக்கைக்காரர்கள் எளிதில் கிட்டவில்லை. 2009 முதல் ஜென்னி டோன் போர்வை இணைக்கும் முறைகளை யூடியூபில் எளிய மொழியில் கற்பிக்கத் தொடங்கினார். கற்றவர்கள் துணி கேட்டனர். துணி வாங்கியவர்கள் போர்வை இணைத்தனர். துணி வாணிபம் நாளடைவில் தையற்கூலியைக் கடந்து சென்றது. மிசௌரி ஸ்டார் குவில்ட் கம்பெனி என்னும் அந்நிறுவனம் பல நூறு பேருக்கு வேலை தந்து, பாழடைந்த கட்டடங்கள் பலவற்றைப் புதுக்கிற்று.

கோட்டுத் தாளைப் பற்றி ஒரு குறையும் சொல்லப்படுகிறது. எல்லாப் போர்வையும் ஒரே வடிவத்தில் வந்துவிடுகின்றன, தைப்பவரின் கைவண்ணம் மறைகிறது என்பது. அக்குறை முற்றும் பொய்யன்று. ஆயினும் பிறர் கேட்ட வடிவத்தையே திரும்பத் திரும்பத் தைக்கும் நிலை இயந்திரத்தால் மட்டும் வருவதன்று. அலபாமா மாநிலத்தின் வில்காக்ஸ் மாவட்டத்தில் 1966-இல் கறுப்பினப் பெண்கள் தொடங்கிய ஃபிரீடம் குவில்டிங் பீ என்னும் கூட்டுறவு சங்கத்தினரும், பெரிய கடைகளின் கொள்முதலை ஏற்றபோது, குறித்த அளவிலும் குறித்த வடிவிலும் தைத்துக் கொடுக்க வேண்டியதாயிற்று. மேலடுக்கில் துணியைத் தேர்ந்து இணைத்தவரின் கைவண்ணம் அங்கேயே இருக்கிறது. கோட்டுத் தாள் அதன்மேல் அடக்கமாக ஓடினால் போதும் என்பது நம் கருத்து. அதனாலேயே துணியின் நிறத்தோடு ஒன்றும் நூலைத் தேர்வது வழக்கமாயிருக்கிறது. சிறு பிழைகளும் அதில் மறையும்.

புதிதாகக் கற்போர் முதலில் நூல் கோவாமல், விசையைப் போடாமல், ஒளிப்புள்ளியை மட்டும் தாளின் கோட்டில் பலமுறை நடத்திப் பழகுகின்றனர். புள்ளியின் மேலேயே கண் வைத்தால் கை தடுமாறும். புள்ளிக்குச் சிறிது முன்னே, கோடு செல்லும் திசையைப் பார்க்க வேண்டும். பின்னர் பழைய படுக்கை விரிப்புகளை ஏற்றித் தைத்து, அடிப்புறத்தைப் பார்த்து டென்ஷனைத் திருத்திக்கொள்கின்றனர். அதன்பின் சொந்தப் போர்வைகளையும் உறவினர் போர்வைகளையும் தைத்துத் தேறிய பிறகே, கூலிக்கென வரும் முதல் போர்வையை உருளையில் ஏற்றுகின்றனர்.